முகத் துணியின் உள்பக்கம்

சூளகிரியில் முதல் மிளகாய் மிஷின் போட்டவன் நான். அதற்கான இன்ஜின் பெங்களூரிலிருந்து இரட்டை மாட்டு வண்டியில் வந்தது. வழியில் எவனாவது ஒரு திருகாணியைக் கழற்றிக்கொள்வான் என்று வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தேன். உத்தனப்பள்ளிப் பக்கம் பாறை நிலத்தில் கிணறு எடுத்தேன். தண்ணீர் வராது என்று சிரித்தவர்கள் இன்று அங்கேதான் குடம் வைக்கிறார்கள். பாகலூரில் இரண்டாவது கொட்டகை போட்டேன். என் பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. மூட்டைகளின் மேல் மையால் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களைப் பார்த்துத்தான் எழுத்தே கற்றுக்கொண்டேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் விலை பேசுவேன். மூன்றிலும் ஏமாற மாட்டேன். முனிரத்தினம் என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது, மிஷின் முனிரத்தினம் என்று கேட்க வேண்டும்.

இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் என்னை 'ஆண், வயது அறுபத்திரண்டு, விஷக் காய்ச்சல்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அங்கே செய்தது ஒரு வரியும் இல்லை.

என் கொட்டகையின் பழக்கத்தைச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக் கதை விளங்காது. மிளகாய் அரைபடும் இடத்தில் மூக்கையும் வாயையும் கட்டாமல் ஒரு நிமிஷம் நிற்க முடியாது. அதற்காகத் துணியை நாலு மடிப்பாகத் தைத்து, மூக்கில் பட வேண்டிய பக்கத்தில் மட்டும் ஒரு சிவப்பு நூல் ஓட்டி வைத்திருப்போம். வெற்றிலை போடவோ தண்ணீர் குடிக்கவோ கழற்றினால், திரும்பக் கட்டும்போது சிவப்பு நூல் உதட்டில் பட வேண்டும். மாறிப்போனால் பொடி பட்ட பக்கம் உள்ளே வந்துவிடும். அடுத்த மூச்சிலேயே எரியும். கழற்றும்போது பிடரி முடிச்சைத்தான் தொடலாம், முன்பக்கத்தில் கை படக் கூடாது. கழற்றியதை மாட்ட ஆளுக்கு ஒரு ஆணி. இதெல்லாம் நான் வைத்த சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. அது ஒரு திருட்டால் வந்தது. ஒரு நாள் பட்டப்பகலில் எவனோ ஒருத்தன் இதே மாதிரி துணி கட்டிக்கொண்டு உள்ளே வந்து, என் ஆட்களோடு ஆளாக நான்கு மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். "பாத்துத் தூக்குப்பா, மூட்டை பிரியப் போவுது" என்று நானே அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து எல்லோரும் வாசலில் துணியை இறக்கி முகத்தைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். முகம் தெரியாதவர் கையால் எதையும் வாங்குவதில்லை என்றும் அன்றே முடிவு செய்தேன். அந்த முடிவுதான் பின்னால் ஒரு பெண்ணைச் சாகக் கிடத்தியது.

ஐம்பத்தேழாம் வருடக் கோடையில் சரக்கோடு மெட்ராஸ் போனேன். லாரி ஓட்டியவன் பாகலூர் நஞ்சப்பா, கன்னடக்காரன், வாய் ஓயாதவன். முதலாளி என்பதற்குச் சாவ்காரே என்றுதான் என்னைக் கூப்பிடுவான். கப்பலில் ஒரு புதுக் காய்ச்சல் வந்து இறங்கியிருக்கிறது, வீட்டுக்கு வீடு படுக்கிறார்கள் என்று மண்டிக்காரர்கள் சொன்னார்கள். விலையைக் குறைக்கக் கட்டிவிட்ட கதை என்று நினைத்து, ஒருவன் விடாமல் கிட்டே போய் உட்கார்ந்து பேரம் பேசினேன். அவர்கள் என் முகத்துக்கு நேராக இருமினார்கள். அதையும் பேரத்தின் தந்திரம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் உடம்பு முறிந்துபோன மாதிரி வலி. போர்வைக்கு மேல் போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. என் மனைவி வெங்கடம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாங்க, ஒடம்பு தணலாட்டம் கொதிக்குது."

"எவனோ எனக்குச் செய்வினை வெச்சிருக்கான்டி. அந்த எண்ணெய் செக்குக்காரன்தான்."

"உங்களுக்குச் செய்வினை வெக்க அவனுக்கு எங்க நேரம் கெடக்குது? அவனும் படுத்துட்டான். எழுந்து வண்டில ஏறுங்க."

எந்த ஆஸ்பத்திரி என்று எழுத வேண்டாமென டாக்டர் கேட்டுக்கொண்டார். பெரிய சாலை ஓரத்தில் ஒரு தனவந்தர் கட்டிக்கொடுத்த சின்ன ஆஸ்பத்திரி என்பது போதும். ஒரு டாக்டர், ஆறு நர்சுகள். திண்டாட்டமான நேரம் அது. கட்டில்களுக்கு நடுவே பாய் போட்டும் ஆட்கள் கிடந்தார்கள். வராந்தாவில் காத்திருந்தபோது ஒவ்வொருவர் இருமலும் எனக்கு வேறு வேறு மாதிரிக் கேட்டது. சிலர் முதலில் உள்ளே போவதற்காக வேண்டுமென்றே இருமுகிறார்கள் என்று தோன்றியது. நானும் கொஞ்சம் பலமாக இருமினேன்.

டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்தார், குழாய் வைத்துக் கேட்டார், சளியை ஒரு சின்னக் கண்ணாடி டப்பியில் துப்பச் சொன்னார், விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். அவர் முகத்திலும் துணி. கண் மட்டும் தெரிந்தது.

"இது இன்ஃபுளுயன்சா பெரியவரே. கண்ணுக்குத் தெரியாத கிருமி. இருமினாலும் தும்மினாலும் எச்சில் துளியில் ஏறி அடுத்த ஆளுக்குப் போகும். இந்தக் கிருமிக்கு நேரா மருந்து கிடையாது. ஆனா, அது உள்ளே போய்க் கதவைத் திறந்து வெச்சா, பின்னாலேயே வேற கிருமி நுழையும். உங்க நெஞ்சில் இடது பக்கம் நுழைஞ்சிருச்சு. அதுக்குப் பேர் நிமோனியா. அதுக்குத்தான் பென்சிலின் ஊசி."

ஒரு நோய்க்கு வந்தவனிடம் இரண்டு நோய் என்கிறானே, இது எந்த ஊர் வியாபாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஏற்கெனவே நஞ்சப்பா படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"வாங்க சாவ்காரே! எனக்குக் காய்ச்சலைக் குடுத்துட்டு உங்களை எங்க இன்னும் காணோமேன்னு பாத்தேன்."

"நீதான்டா எனக்குக் குடுத்தே. லாரில பூரா என் பக்கம் திரும்பித் திரும்பிப் பேசினே."

"நீங்க ஏமாத்திடுவாங்க ஏமாத்திடுவாங்கன்னு பொலம்பினா, ஆமாங்கணும் இல்லையா?"

அன்று மத்தியானம் ஒரு நர்ஸ் சின்னக் கண்ணாடி டம்ளரில் சூடு தணிக்கும் மருந்து கொண்டுவந்தாள். கண்ணுக்குக் கீழே வெள்ளைத் துணி.

"வாயைத் தொறங்க பெரியவரே."

"யார் நீ?"

"நர்சுங்க."

"துணியை எறக்கு. மொகத்தைப் பாக்காம யார் கையாலயும் ஒண்ணும் குடிக்க மாட்டேன்."

"எறக்கக் கூடாதுங்க. டாக்டர் சார் உத்தரவு."

"அவர் மொகத்துலயும் துணி. நீங்க ரெண்டு பேரும் ஒரே கூட்டம்."

நஞ்சப்பா சிரித்தான். "வாயைத் தொறந்தா மூட்டை போயிடுமா சாவ்காரே?"

நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். அவள் துணியின் முன்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துத் தாடைக்குக் கீழே இழுத்தாள்.

"பாத்துக்கோங்க. இதான் என் மூஞ்சி. பேரு கிரேசம்மா, ஊரு கிருஷ்ணகிரி. திருடி மாதிரியா இருக்குது?"

"திருடி யாரும் திருடி மாதிரி இருக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுக் குடித்தேன். குடித்த கையோடு இருமினேன். அவள் முகத்துக்கு நேராகத்தான்.

அதற்குப் பிறகு வேளைக்கு வேளை அதுவே நடந்தது. மற்ற நர்சுகள் துணியை இறக்க மாட்டேன் என்றார்கள். நான் குடிக்க மாட்டேன் என்றேன். அதனால் என் மருந்தைக் கிரேசம்மாதான் கொண்டுவர வேண்டும் என்றாகிவிட்டது. நேற்றுப் பார்த்த முகம்தானே என்று அவள் சொன்னால், துணிக்குள்ளே ஆள் மாற எவ்வளவு நேரம் ஆகும் என்பேன். அவள் சலித்துக்கொள்வாள், ஆனால் இறக்குவாள். அந்தத் துணியைப் பற்றி வேறொரு சந்தேகமும் எனக்கு இருந்தது. எங்களை அருவருத்துத்தான் கட்டியிருக்கிறார்கள், நாங்கள் மூச்சு விட்ட காற்றுகூட அவர்களுக்கு ஆகவில்லை என்று நினைத்தேன். அந்தக் கோபத்திலும் இறக்க வைத்தேன்.

வெங்கடம்மாவை உள்ளே விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே புங்கமரத்தடியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். மிளகு ரசத்தைத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டுவாள். என் பனியனை வெயிலில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் சுருட்டிக் கொடுப்பாள். அதைப் போட்டால் கொஞ்ச நேரம் நடுக்கம் நிற்கும். நாற்பது வருடத்தில் அவளை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. ரசத்தில் உப்பு குறைந்தால் மட்டும் ஆஸ்பத்திரிக்காரர்கள் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று சொல்வேன்.

"என் கையிலிருந்து உங்க கைக்கு வருது. நடுவுல யாருங்க கலக்குறது?" என்பாள்.

ஏழாம் நாள் காலையில் வேறு நர்ஸ் வந்தாள்.

"கிரேசம்மா எங்கே?"

"படுத்துட்டாங்க. காய்ச்சல்."

"மருந்துக்கு யார் வருவா?"

அவள் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். பிறகு டாக்டர் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"எத்தனை தடவை துணியை எறக்கச் சொன்னீங்க?"

"ஒரு தடவை. முதல் நாள் மட்டும்."

நஞ்சப்பா கட்டிலிலிருந்து எழுந்தான். "பொய் பேசாதீங்க சாவ்காரே. மூணு வேளை, ஆறு நாளு. நான் பாத்துக்கிட்டுத்தானே கெடந்தேன்? நானும் சிரிச்சேன். எனக்கும் புத்தியில்ல."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நெஞ்சு ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு. உதடு நீலமா இருக்கு. அந்தப் பொண்ணுக்கு இருபத்திநாலு வயசு பெரியவரே."

அன்று என் டம்ளரை நானே எடுத்துக் குடித்தேன். யார் ஊற்றியது என்று கேட்கவில்லை.

செய்தி ஜன்னலுக்கு வெளியேயும் போய்விட்டது. வெங்கடம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மிஷின்ல வேலை செய்யுறவனுக்கு மூக்குல பொடி ஏறக் கூடாதுன்னு நூல் ஓட்டித் தைக்க வெச்சவரு நீங்க. இங்க வந்து ஒரு பொண்ணு மூஞ்சித் துணியை அவுக்க வெச்சீங்களா?"

"அது வாசல் சட்டம்டி. திருடன்..."

"வாசல்ல பொடி இல்ல, எறக்கலாம். இங்க பொடியே நீங்கதான்."

மறுநாளிலிருந்து இரண்டு தூக்கு கொண்டுவந்தாள். ஒன்று கிரேசம்மாவுக்கு.

நான் மறைக்கப் போவதில்லை: அப்போதும் என் புத்தி, பழியை இறக்கி வைக்க வேறு இடம் தேடியது. ஒரு நர்ஸ் நான் சேரும்போதே படுத்திருந்தாள். மூன்றாம் நாள் இன்னொருத்தி படுத்தாள். அவள் எனக்காக ஒரு தடவைகூடத் துணியை இறக்காதவள். துணி கட்டியிருந்தவளுக்கு எந்த வழியாகப் போனது? எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. சந்தேகப்படுவதில் எனக்கு இருக்கும் பழக்கம் அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கும் கிடையாது. தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு காலை முழுக்கப் பார்த்ததில் விளங்கிவிட்டது. துணி நல்ல துணிதான், காயத்துக்குக் கட்டும் காஸ் துணி, ஆறு மடிப்பு. தினமும் விடியற்காலையில் கொதிக்க வைக்கிறார்கள். ஆனால் பத்து மணிக்குக் காபி. முன்பக்கத்தைப் பிடித்துக் கழற்றி, கதவோரம் இருக்கும் ஒரே ஆணியில் எல்லோரும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டுகிறார்கள். அதே விரலால் டம்ளரைப் பிடிக்கிறார்கள். திரும்பி வந்து எது கைக்கு வருகிறதோ, எந்தப் பக்கம் வருகிறதோ அப்படியே கட்டிக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை; எது உள், எது வெளி என்று கடவுளுக்குத்தான் தெரியும். எங்கள் இருமலெல்லாம் பட்ட பக்கத்தை உதட்டில் வைத்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"கொதிக்க வெச்சுத்தான் கட்டறோம் பெரியவரே."

"காலைல கட்டுறது சரி. காபிக்கு அப்புறம் கட்டுறது?"

"இங்கே இருக்கிறவங்க படிச்சவங்க. பழகினவங்க."

"என் ஆளுங்க படிக்காதவங்க. ஆனா ஒருத்தனும் மாத்திக் கட்ட மாட்டான். ஏன்னா மிளகாய் அப்பவே சொல்லிடும். உங்க கிருமி ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொல்லுது. ஒரே ஒரு நாள் உங்க கிருமிக்குப் பதிலா என் மிளகாயை வெச்சுப் பாருங்க சார்."

அவர் சிரித்தார். ஆனால் கிரேசம்மா படுத்திருந்த அறைக்குப் போய்விட்டு வந்தபோது சிரிப்பு இல்லை. "சரி, செய்யுங்க" என்றார்.

வெங்கடம்மா பச்சை மிளகாயை நசுக்கிப் பிழிந்து, சாற்றை வடிகட்டிக் கொண்டுவந்தாள். பொடி ஆகாது, மூச்சிலேயே ஏறிவிடும். சாறு காய்ந்தால் நிறமும் தெரியாது, தொட்டால்தான் வேலையைக் காட்டும். கொதிக்க வைத்துக் காய்ந்த துணிகளின் வெளிப்பக்கத்தில் மட்டும் நானே தடவிக் காயவிட்டேன். துணியில் ஒன்று தடவியிருக்கிறது, வழக்கம்போல வேலை செய்யுங்கள் என்று மட்டும் டாக்டர் எல்லோரிடமும் சொன்னார். தாமும் ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டார். எது உள், எது வெளி என்று பார்த்து நானே எடுத்துக் கொடுத்த முதல் கட்டு அது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

காபி வந்தது.

முதலில் கத்தியவர் டாக்டர்தான். துணியைப் பிடித்துக் கழற்றிய கையால் கண்ணைக் கசக்கிவிட்டார். "தண்ணி! தண்ணி!" என்று ஓடினார்.

"தண்ணி ஆகாது சார், மோரு! மோரு ஊத்துங்க!" என்று நஞ்சப்பா கட்டிலின் மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினான்.

இரண்டாவதாக ஒரு நர்ஸ். காபி குடித்துவிட்டுத் துணியைக் கட்டினாள், அரை நிமிஷத்தில் உதட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாற்றிக் கட்டியிருந்தாள். மூன்றாவது ஆளை நான்கூட எதிர்பார்க்கவில்லை. வார்டு கூட்டும் மாரி. கழற்றிப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு போய்க் கொதிக்க வைப்பவன் அவன்தான். அவனுக்கு யாரும் துணியே கொடுத்திருக்கவில்லை. விரலெல்லாம் எரிய, மூக்கைத் துடைத்து, கண்ணில் நீர் ஒழுக நின்றான்.

"ஏன்யா மாரி, உனக்குத் துணி?" என்று கேட்டேன்.

"எனக்கு யாருங்க குடுத்தாங்க?" என்றான்.

டாக்டர் ஒரு கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தார். "பெரியவரே, உங்க சட்டத்தை மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். வெங்கடம்மா கொட்டகையிலிருந்து சிவப்பு நூல்கண்டு கொண்டுவந்து, புங்கமரத்தடியில் உட்கார்ந்து அத்தனை துணிக்கும் உள்பக்கத்தில் ஓட்டினாள். மாரிக்கும் மாற்றுத் துணியோடு சேர்த்துத் தைத்தாள். கதவோரம் ஆளுக்கு ஒரு ஆணி அடித்தார்கள். பிடரி முடிச்சைத் தவிர வேறெங்கும் தொடக் கூடாது, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், காபிக்கு ஒருமுறை துணியை மாற்ற வேண்டும் என்று ஆயிற்று. கை கழுவாமல் டம்ளரைத் தொட்டால் நான் கட்டிலிலிருந்தே குரல் கொடுப்பேன். எனக்குப் பயந்தே கழுவினார்கள். அதற்குப் பிறகு நான் இருந்தவரை நர்சுகளில் ஒருத்தியும் படுக்கவில்லை. காய்ச்சல் தணிகிற காலம், தானாகவே குறைந்திருக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். சொல்லட்டும்.

இதெல்லாம் நடக்கும்போது கிரேசம்மா அடுத்த அறையில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அது கேட்கும். இன்ஜின் நிற்கப்போகும்போது இடைவெளி விட்டு விட்டு ஓடுமே, அந்த மாதிரி. சத்தம் நின்றால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். ஊசியில் தண்ணீர் கலந்திருப்பார்களோ என்ற சந்தேகம் அவளுக்காகவும் எனக்கு வந்தது. டாக்டரிடம் கேட்டேன், புட்டியை என் கையில் கொடுத்து மூடியைக் காட்டினார். அவள் படுத்த ஆறாம் நாள் மூச்சு சீராகக் கேட்டது. வெங்கடம்மாவின் தூக்கு காலியாகத் திரும்பி வந்தது. அதைக் கம்பி வழியாக எனக்குக் காட்டினாள்.

நான் வீட்டுக்குப் புறப்பட்ட நாளில் அவள் எழுந்து வந்து வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்துப் போயிருந்தாள். சிவப்பு நூல் போட்ட துணி கட்டியிருந்தாள்.

"எறக்கணுமா பெரியவரே?" என்றாள்.

"வேணாம்மா. கண்ணைப் பாத்தாலே தெரியுது."

கதவோரம் அன்று காலைதான் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். முகத் துணி கட்டும் விதிகள். சிவப்பு நூல் உள்ளே, முடிச்சை மட்டும் தொடவும், ஆளுக்கு ஒரு ஆணி. என் சட்டம், வரிக்கு வரி. கீழே டாக்டர் உத்தரவுப்படி என்று இருந்தது. இரண்டு தடவை படித்தேன். என் பெயர் இல்லை.

"என் பேரு எங்கே?" என்று கேட்டேன்.

டாக்டர் சங்கடப்பட்டார். "ஆஸ்பத்திரிப் பலகையில் நோயாளி பேர் போடற வழக்கமில்லை."

கிரேசம்மா நாற்காலியிலிருந்தே சொன்னாள்: "போடுங்க சார், பாவம். ஆனா பேரு போட்டா முழுசாப் போடணும். நான் படுத்ததும் அவருக்குச் சேர்ந்ததுதானே?"

நஞ்சப்பா சிரிக்கவில்லை. நான் கோபித்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் யோசித்தேன். அவள் சொன்னதில் கள்ளம் இருக்கிறதா என்று எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்தேன். இல்லை.

ஆகவே இதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் டாக்டரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தப் பலகையில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். 'இந்தச் சிவப்பு நூல் சட்டம் சூளகிரி மிஷின் முனிரத்தினம் சொன்னது' என்று ஒரு வரி. 'நர்ஸ் கிரேசம்மாவின் முகத் துணியை ஆறு நாள் இறக்க வைத்தவரும் அவரே' என்று அதன் கீழே ஒரு வரி. இரண்டும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எழுதிவிடுவார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதனால் எழுதும் அன்று நான் நேரில் வந்து நிற்பேன். துணி கட்டிக்கொண்டுதான் வருவேன். என்னை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லி யாரும் அதை இறக்கச் சொல்லக் கூடாது.